இன்பர்மேட்டிகாவா, பவர் பி.ஐ.யா, ஸ்னோஃப்ளேக்கா? டேட்டா வேலைக்கு எங்கிருந்து தொடங்குவது?

2025 நவம்பரில் மென்பொருள் உலகில் ஒரு பெரிய கைமாற்றம் நடந்து முடிந்தது. இன்பர்மேட்டிகா என்ற நிறுவனத்தைச் சுமார் 800 கோடி டாலருக்கு சேல்ஸ்ஃபோர்ஸ் வாங்கியது. பலருக்கு இது வணிகப் பக்கத்தில் வந்துபோன ஒரு செய்தி. ஆனால், சென்னையிலும் கோவையிலும் பெங்களூருவிலும் 'டேட்டா வேர்ஹவுசிங்' பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு அப்படி இல்லை. அவர்களில் பலருடைய ரெஸ்யூமில் வருஷக்கணக்காக முதல் வரியில் இருக்கும் பெயர் அது.

அதே ஆண்டு ஜூலையில், டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவிகிதம் பேரை, அதாவது ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பாதிப்பு பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்களுக்கு. 'ஏ.ஐ. காரணம் இல்லை, திறன் பொருந்தாததே காரணம்' என்ற பொருளில் நிறுவனத் தலைமை விளக்கம் தந்தது.

இந்த இரண்டு செய்திகளுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் இரண்டையும் சேர்த்துப் படிக்கிற ஒருவருக்கு ஒரு கேள்வி வரும். ஒரு டூலின் பெயரை மட்டும் நம்பி வாழ்க்கையைக் கட்டலாமா?

புதிதாக இந்தத் துறைக்கு வர நினைப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். பி.இ., பி.எஸ்சி., பி.காம். முடித்த பிள்ளைகள் 'பவர் பி.ஐ. படி', 'ஸ்னோஃப்ளேக் படி', 'இன்பர்மேட்டிகாவுக்குத்தான் வேலை இருக்கு' என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கப்படுகிறார்கள். பயிற்சி மையத்துக்குக் கட்டும் பணம் பல வீடுகளில் கடன் வாங்கிய பணம், இல்லையென்றால் நகையை அடகு வைத்த பணம். அதைக் கட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியதைப் பார்ப்போம்.

டேட்டா வேர்ஹவுஸ் என்றால் என்ன?

மதுரை, கோவை, திருநெல்வேலியில் கிளைகள் வைத்திருக்கும் ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கிளையிலும் பில்லிங் கவுன்டர் இருக்கிறது. அங்குள்ள கம்ப்யூட்டரின் வேலை ஒன்றுதான்: வரிசையில் நிற்பவருக்குச் சட்டென்று பில் போட்டுக் கொடுப்பது.

இப்போது முதலாளி கேட்கிறார்: "போன மூணு தீபாவளியில எந்தக் கிளையில பட்டு அதிகமா போச்சு? அதுல லாபம் எவ்வளவு? இந்த வருஷம் எவ்வளவு சரக்கு எடுக்கலாம்?"

இந்தக் கேள்வியை பில்லிங் கம்ப்யூட்டரிடம் கேட்டால் இரண்டு சிக்கல். முதலாவது, லட்சக்கணக்கான பில்களை அது தேட ஆரம்பித்தால் கவுன்டரில் கூட்டம் தேங்கிவிடும். இரண்டாவது, மதுரைக் கிளையில் 'பட்டு சேலை' என்று இருப்பது கோவையில் 'சில்க் சாரி' என்று இருக்கும். திருநெல்வேலியில் வெறும் ஒரு கோட் நம்பராக இருக்கும். கொள்முதல் விலை இன்னொரு கணக்கு மென்பொருளில் கிடக்கும்.

அதனால் எல்லாக் கிளைகளின் விவரங்களையும், பெரும்பாலும் கடை மூடிய பிறகு இரவில், ஓர் இடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பெயர்களை ஒரே மாதிரி ஆக்கி, தப்பானதைச் சலித்து, வருஷக்கணக்கில் சேர்த்து வைக்கிறார்கள். இந்தச் சேமிப்புக் கிடங்குதான் டேட்டா வேர்ஹவுஸ். அதிலிருந்து ரிப்போர்ட், சார்ட், டேஷ்போர்டு எடுத்து முடிவெடுக்க உதவுவது பிசினஸ் இன்டெலிஜென்ஸ், சுருக்கமாக பி.ஐ.

வங்கி, காப்பீடு, மருத்துவமனை, தொலைபேசி நிறுவனம், அரசின் வரித்துறை என எங்கு போனாலும் அளவு மாறுமே தவிர, அமைப்பு இதேதான்.

இத்தனை டூல் பெயர்கள் எதற்கு?

பெயர்ப் பட்டியலைப் பார்த்துத்தான் பலர் மிரண்டுபோகிறார்கள். உண்மையில் எல்லாவற்றையும் மூன்று அடுக்குகளில் போட்டுவிடலாம்.

முதல் அடுக்கு, விவரங்களை எடுத்து, சுத்தப்படுத்தி, கிடங்கில் ஏற்றும் வேலை. இதை இ.டி.எல். என்கிறார்கள். இன்பர்மேட்டிகா, ஐ.பி.எம். டேட்டாஸ்டேஜ், மைக்ரோசாஃப்டின் எஸ்.எஸ்.ஐ.எஸ்., அஷூர் டேட்டா ஃபேக்டரி எல்லாம் இந்த அடுக்கு. இப்போது முதலில் அப்படியே ஏற்றிவிட்டு, கிடங்குக்குள் வைத்தே சுத்தப்படுத்தும் வழக்கமும் பரவியிருக்கிறது. அதற்கு இ.எல்.டி. என்று பெயர். டி.பி.டி. என்ற டூல் அந்த வழியில் வந்தது.

இரண்டாவது அடுக்கு, கிடங்கு. டெராடேட்டா, ஆரக்கிள், எஸ்.ஏ.பி. பி.டபிள்யூ. ஆகியவை பழைய தலைமுறை. ஸ்னோஃப்ளேக், கூகுள் பிக்குவெரி, அமேசான் ரெட்ஷிஃப்ட், டேட்டாபிரிக்ஸ் ஆகியவை கிளவுட் தலைமுறை.

மூன்றாவது அடுக்கு, கண்ணில் படும் ரிப்போர்ட். பவர் பி.ஐ., டேப்லோ, காக்னோஸ், பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸ், க்ளிக், லுக்கர், நம்ம ஊர் ஸோஹோவின் அனலிட்டிக்ஸ் எல்லாம் இதில் அடங்கும்.

ஒரு வேலை விளம்பரத்தில் பத்து டூல் பெயர் இருந்தாலும் பயப்பட வேண்டாம். ஒவ்வொன்றும் எந்த அடுக்கு என்று பாருங்கள். ஒரே அடுக்கில் இருப்பவை பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஒன்று தெரிந்தவர் இன்னொன்றுக்கு மாறுவது, அம்பாசடர் ஓட்டியவர் மாருதிக்கு மாறுவது மாதிரி. கியர் இருக்கும் இடம் மாறும். சாலை விதி மாறாது.

பெயர்கள் எவ்வளவு வேகமாக மாறுகின்றன?

2007-இல் ஆரக்கிள், ஹைபீரியனை வாங்கியது. அதே ஆண்டு பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸை வாங்குவதாக எஸ்.ஏ.பி.யும், காக்னோஸை வாங்குவதாக ஐ.பி.எம்.மும் அறிவித்தன. தனித்து நின்ற மூன்று பெரிய பி.ஐ. நிறுவனங்கள் ஒரே ஆண்டில் விலைபேசப்பட்டன.

2019-இல் சேல்ஸ்ஃபோர்ஸ் 1,570 கோடி டாலருக்கு டேப்லோவை வாங்கியது. லுக்கரை கூகுள் வாங்குவதாக அறிவித்ததும் அதே ஆண்டுதான். இப்போது இன்பர்மேட்டிகாவும் சேல்ஸ்ஃபோர்ஸ் வீட்டுக்குப் போய்விட்டது. 2025 அக்டோபரில் டி.பி.டி. லேப்ஸும் ஃபைவ்டிரானும் இணையப்போவதாக அறிவித்தன.

கைமாற்றம் ஒரு பக்கம். ஆயுள் முடிவது இன்னொரு பக்கம். எஸ்.ஏ.பி. பி.டபிள்யூ. 7.5 பதிப்புக்கான வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது. கூடுதல் கட்டணம் கட்டினால் 2030 வரை ஓடும். அதற்குப் பிறகு புதிய தளத்துக்குப் போயே ஆக வேண்டும்.

அப்போ பழைய டூல் கத்துக்கிறது வேஸ்ட்டா? அப்படிச் சொல்ல முடியாது. பெரிய வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ பல ஆண்டுகளாகச் சேர்த்த ஆயிரக்கணக்கான இ.டி.எல். வேலைகளை ஒரே நாளில் தூக்கிப் போட்டுவிடாது. பழையதைப் படித்துப் புரிந்துகொண்டு புதியதில் எழுதத் தெரிந்த ஆள் தேவைப்படுகிறார். ஆனால் அந்த வேலையிலும் பழைய டூலில் எந்த பட்டன் எங்கே இருந்தது என்பதை யாரும் கேட்கப்போவதில்லை. இந்த மேப்பிங் எதற்காக எழுதப்பட்டது, இந்த எண் எப்படி வந்தது என்று சொல்லத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

மாறாதது என்ன?

இரண்டு விஷயங்கள்.

ஒன்று, எஸ்.க்யூ.எல். ஐ.பி.எம். ஆய்வாளர்கள் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் இருவரும் 1974-இல் 'சீக்வெல்' என்ற பெயரில் இதை முன்வைத்தார்கள். 1986-இல் அமெரிக்கத் தர அமைப்பான அன்சி இதைத் தரப்படுத்தியது. ஐம்பது வருஷம் தாண்டியும் ஸ்னோஃப்ளேக்கில் எழுதுவதும் இதைத்தான், பிக்குவெரியில் எழுதுவதும் இதைத்தான்.

இரண்டு, டேட்டா மாடலிங். விவரங்களை எந்த வடிவில் அடுக்குவது என்கிற அறிவு. இதில் பில் இன்மன், ரால்ஃப் கிம்பால் இருவரும் இரண்டு வழிகளைக் காட்டினார்கள். 1996-இல் வெளிவந்த கிம்பாலின் 'தி டேட்டா வேர்ஹவுஸ் டூல்கிட்' நூலில் விளக்கப்பட்ட 'ஸ்டார் ஸ்கீமா' முறையைத்தான் பவர் பி.ஐ.க்கு மைக்ரோசாஃப்டும் இன்றைக்குப் பரிந்துரைக்கிறது.

ஆக, ஐம்பது வயது மொழி ஒன்று, முப்பது வயது முறை ஒன்று. எல்லா டூல்களும் இந்த இரண்டின் மேல்தான் நிற்கின்றன. தொடங்க வேண்டிய இடமும் இதுதான்.

எஸ்.க்யூ.எல். எவ்வளவு தெரிந்தால் போதும்?

செலக்ட், வேர், குரூப் பை, ஹேவிங் ஆகியவற்றில் தொடங்கி, ஜாயின், சப்-குவெரி, விண்டோ ஃபங்ஷன் வரை வந்தால் பெரும்பாலான முதல்நிலை நேர்முகத் தேர்வுகளைச் சமாளிக்கலாம். ஆனால் இலக்கணம் தெரிவது பாதிதான். விடை சரியா என்று சந்தேகப்படத் தெரிவது மீதிப் பாதி.

ஓர் உதாரணம். கல்யாண ஜவுளிக்கு ஒருவர் 90,000 ரூபாய்க்கு பில் போடுகிறார். 30,000 வீதம் மூன்று தவணையாகப் பணம் கட்டுகிறார். பில் டேபிளில் ஒரு வரிசை. பணம் கட்டிய டேபிளில் மூன்று வரிசை. பில் எண்ணை வைத்து இரண்டையும் ஜாயின் செய்து, பில் தொகையைக் கூட்டினால் என்ன வரும்? 2,70,000 ரூபாய். பில் ஒன்று மூன்று முறை வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் எந்தப் பிழையும் காட்டாது. எண் அழகாக டேஷ்போர்டில் ஏறி உட்கார்ந்துவிடும். முதலாளி அதை நம்பிச் சரக்கு எடுத்துவிடுவார். டேட்டா வேலையின் ஆபத்து இப்படிப்பட்டது: தப்பு சத்தம் போடாது.

இதைத் தடுக்க ஒரே ஒரு பழக்கம் போதும். எந்த டேபிளைத் தொட்டாலும், 'இதில் ஒரு வரிசை என்பது எதைக் குறிக்கிறது?' என்று முதலில் கேட்பது. ஒரு பில்லா? பில்லில் ஒரு பொருளா? ஒரு தவணையா? துறை மொழியில் இதற்கு 'கிரெய்ன்' என்று பெயர். இந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுதும் எஸ்.க்யூ.எல். எவ்வளவு நீளமாக இருந்தாலும் நம்பிக்கையானது இல்லை.

ஸ்டார் ஸ்கீமா: மாவட்டப் பிரிவினையில் ஒரு பாடம்

ஸ்டார் ஸ்கீமாவில் இரண்டு வகை டேபிள்கள். நடுவில் 'ஃபேக்ட்', அதாவது எண்ணக்கூடிய நிகழ்வு: விற்பனை, வரவு, செலவு. சுற்றிலும் 'டைமென்ஷன்', அதாவது அந்த நிகழ்வைப் பற்றிய விவரம்: தேதி, கிளை, பொருள், வாடிக்கையாளர்.

கேட்க எளிது. சிக்கல் எங்கே வரும் என்றால், விவரம் காலப்போக்கில் மாறும்போது. தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 2019 தொடக்கத்தில் 32 மாவட்டங்கள். அந்த ஆண்டில் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகியவை உருவாயின. 2020-இல் மயிலாடுதுறை. மொத்தம் 38.

தாம்பரத்தில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர் 2018-இல் காஞ்சிபுரம் மாவட்டம். இன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டம். ஆள் வீடு மாறவில்லை, மாவட்டம் மாறிவிட்டது. உங்கள் டேபிளில் பழைய மாவட்டத்தை அழித்துப் புதியதை எழுதினால், 2018-இன் காஞ்சிபுரம் விற்பனை திடீரென்று குறைந்து தெரியும். அன்றைக்கு அச்சடித்த ரிப்போர்ட்டோடு இன்றைய ரிப்போர்ட் ஒத்துப்போகாது. மாறாக, பழைய வரிசையை 'இந்தத் தேதி வரை செல்லும்' என்று மூடிவிட்டுப் புதிய வரிசை ஒன்றைத் திறந்தால், வரலாறு அப்படியே நிற்கும்.

இதற்கு 'ஸ்லோலி சேஞ்சிங் டைமென்ஷன்' என்று பெயர். அழித்து எழுதுவது முதல் வகை. வரலாற்றைக் காப்பது இரண்டாம் வகை. எது சரி? கேள்வியைப் பொறுத்தது. இன்றைய எல்லைப்படி ஒப்பிட வேண்டுமானால் முதல் வகை. அன்றைக்கு இருந்தபடி தெரிய வேண்டுமானால் இரண்டாம் வகை. நேர்முகத் தேர்வுகளில் தவறாமல் வரும் கேள்வி இது. மனப்பாடம் செய்தவர்கள் 'டைப் ஒன், டைப் டூ' என்று ஒப்பிப்பார்கள். மாவட்ட உதாரணத்தைச் சொல்கிறவர் புரிந்து சொல்கிறார் என்பது எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

பயிற்சிக்கு எந்த டேட்டாவை எடுப்பது?

இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க சூப்பர் ஸ்டோர் டேட்டாவை வைத்தே எல்லோரும் ப்ராஜெக்ட் செய்கிறார்கள். அதையே நீங்களும் செய்தால் நூறோடு நூற்றியொன்று. அருகிலேயே நல்ல டேட்டா இருக்கிறது.

சென்னைக் குடிநீர் வாரியம், ஏரிகளின் அன்றாட நீர் இருப்பை இணையதளத்தில் வெளியிடுகிறது. முழுக் கொள்ளளவு பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை 500. எல்லாம் மில்லியன் கன அடியில். மொத்தம் 11,757. இதை வைத்து ஒரு குட்டி டேட்டா வேர்ஹவுஸ் கட்டிப் பாருங்கள். தேதி ஒரு டைமென்ஷன், ஏரி ஒரு டைமென்ஷன், நீர் இருப்பும் நீர்வரத்தும் ஃபேக்ட். ஒரு வரிசை என்பது ஓர் ஏரியின் ஒரு நாள்.

கட்ட ஆரம்பித்ததும் நிஜமான பிரச்சினைகள் வரும். அவைதான் பாடம்.

முதல் பிரச்சினை, கூட்டல். ஒரே நாளில் ஐந்து ஏரிகளின் இருப்பைக் கூட்டலாம். ஆனால் ஒரே ஏரியின் முப்பது நாள் இருப்பைக் கூட்டக்கூடாது. புழலில் மாதம் முழுக்க 3,000 இருந்தால், கூட்டுத்தொகை 90,000 என்று வரும். புழலின் கொள்ளளவைப் போல 27 மடங்கு! வங்கிக் கணக்கின் இருப்பும் கிடங்கில் இருக்கும் சரக்கும் இதே ரகம்தான்.

இரண்டாவது, அலகு. நீர்வரத்து கன அடி/வினாடியில் வரும். இருப்பு மில்லியன் கன அடியில் இருக்கும். ஒரு நாளுக்கு 86,400 வினாடி. ஆக, 1,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் வந்தால் 86.4 மில்லியன் கன அடி. இந்த மாற்றத்தை எங்கே செய்வது, ஏற்றும்போதா, ரிப்போர்ட்டிலா? இ.டி.எல். என்பதில் நடுவில் இருக்கும் 'டி' இதுபோன்ற வேலைதான்.

மூன்றாவது, சதவிகிதம். தேர்வாய் கண்டிகை 100 சதவிகிதம் நிரம்பியிருக்கிறது, செம்பரம்பாக்கம் 50 சதவிகிதம் என்று வைப்போம். இரண்டுக்கும் சராசரி 75 என்று ஒரு டேஷ்போர்டு காட்டினால் அது பொய். 500-ஐயும் 1,822.5-ஐயும் கூட்டி, மொத்தக் கொள்ளளவான 4,145-ஆல் வகுத்தால் 56 சதவிகிதம்தான். சதவிகிதங்களுக்குச் சராசரி எடுப்பது பெரிய நிறுவனங்களின் ரிப்போர்ட்டுகளிலும் நடக்கும் தப்பு.

நான்காவது, காலம். தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 2020-இல்தான் திறக்கப்பட்டது. 2019 வறட்சியையும் இன்றையும் ஒப்பிடும்போது மொத்தக் கொள்ளளவு இரண்டுக்கும் ஒன்றா? 2019-க்கு நான்கு ஏரிகளின் 11,257 மட்டும்தான் வர வேண்டும்.

இந்த நான்கையும் தீர்த்து, ஏன் அப்படித் தீர்த்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி வைத்தால், அது பல சான்றிதழ்களைவிடக் கனமானது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அலுவலக டேட்டாவையோ வாடிக்கையாளர் டேட்டாவையோ பயிற்சிக்காக வெளியே எடுக்காதீர்கள். வேலையும் போகும், வழக்கும் வரும்.

எந்த டூலை எடுப்பது? காசு செலவாகுமா?

எஸ்.க்யூ.எல். பழக போஸ்ட்கிரெஸ் இலவசம். எஸ்.க்யூ.எல். சர்வரின் டெவலப்பர் பதிப்பும் இலவசம். கிளவுட் கிடங்கு பார்க்க வேண்டுமென்றால் பிக்குவெரியில் கிரெடிட் கார்டு இல்லாமலே 'சாண்ட்பாக்ஸ்' வசதி உண்டு. மாதம் 10 ஜி.பி. சேமிப்பு, 1 டி.பி. தேடல் வரை கட்டணம் இல்லை. ஆனால் அதில் போடும் டேபிள்கள் 60 நாளில் காலாவதியாகும். ஸ்னோஃப்ளேக் 30 நாள் சோதனைக் காலம் தருகிறது. அதனால் கணக்கைத் தொடங்கிவிட்டுப் படிக்காதீர்கள்; படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

பவர் பி.ஐ. டெஸ்க்டாப் இலவசம், விண்டோஸில் மட்டும் ஓடும். ரிப்போர்ட்டை இணையத்தில் ஏற்றும் சேவைக்குச் சாதாரண ஜிமெயில் முகவரி செல்லாது. கல்லூரி அல்லது அலுவலக மெயில் வேண்டும். கல்லூரி மெயில் இருக்கும்போதே பயன்படுத்திக்கொள்ளுங்கள். டேப்லோவின் 'பப்ளிக்' பதிப்பும் இலவசம், ஆனால் அதில் வெளியிடுவதை ஊரே பார்க்கும்.

இன்பர்மேட்டிகா, எஸ்.ஏ.பி. போன்ற பெரிய நிறுவன டூல்களில்தான் சிக்கல். இவற்றைக் கற்பது அவ்வளவு கடினமில்லை. கையில் கிடைப்பதுதான் கடினம். பெரும்பாலானவர்கள் இவற்றை வேலையில் சேர்ந்த பிறகு, நிறுவனத்தின் உரிமத்தில்தான் கற்கிறார்கள். வெளியில் இருந்து பெரிய தொகை கட்டிப் படிக்கும் முன் இதை யோசிக்க வேண்டும்.

தேர்வு செய்ய ஒரு எளிய வழி: மூன்று அடுக்குகளில் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. போகும் இடம் மைக்ரோசாஃப்ட் சூழல் என்றால் பவர் பி.ஐ.யும் அஷூரும். உற்பத்தி நிறுவனங்களைக் குறிவைத்தால் எஸ்.ஏ.பி. எங்கே, எப்படிப் பயன்படுகிறது என்கிற அடிப்படை அறிவு உதவும். எதுவும் முடிவாகவில்லை என்றால் போஸ்ட்கிரெஸும் பவர் பி.ஐ.யும் போதும். முதல் வேலைக்குப் பிறகு டூலை அவர்களே தீர்மானிப்பார்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

நல்ல பயிற்சி மையங்களும் இருக்கின்றன. பிரித்தறிய இந்தக் கேள்விகள் உதவும்.

- மொத்த நேரத்தில் எஸ்.க்யூ.எல்.லுக்கும் மாடலிங்குக்கும் எத்தனை மணி நேரம்? டூலுக்கு எத்தனை? முதல் இரண்டுக்கும் ஓரிரு நாள்தான் என்றால் யோசியுங்கள்.
- மென்பொருளுக்கு உரிமம் இருக்கிறதா? எனக்குத் தனி லாக்-இன் கிடைக்குமா, வெறும் வீடியோ பார்க்க வேண்டியதுதானா?
- '100 சதவிகித வேலை உத்தரவாதம்' என்பதை எழுத்தில் தருவீர்களா? கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா, எத்தனை நாளில்?
- பாடம் எடுப்பவரின் ஒரு வகுப்பில் இலவசமாக உட்கார்ந்து பார்க்கலாமா?

இதில் ஒன்றில் மட்டும் சமரசமே கூடாது. 'மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் நாங்களே போட்டுத் தருவோம்' என்று யாராவது சொன்னால் அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள். நிறுவனங்கள் பின்னணி சரிபார்க்கின்றன. பி.எஃப். கணக்கின் பணி வரலாற்றைப் பார்த்தால் எந்த நிறுவனத்தில் எத்தனை மாதம் என்பது தெரிந்துவிடும். போலிக் கடிதம் வேலையில் சேர்ந்த பிறகு மாட்டினாலும் வேலை போகும். அடுத்த நிறுவனத்தின் கதவும் மூடும்.

காசு கட்டாமல் படிக்கவும் வழி உண்டு. தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சிகள் உள்ளன. என்.பி.டெல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் டேட்டாபேஸ் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். பவர் பி.ஐ.க்கு மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளமே விரிவான பாடங்களை இலவசமாகத் தருகிறது. சான்றிதழ் வேண்டுமானால் பி.எல்.-300 தேர்வை நேராக எழுதலாம். சான்றிதழ் கதவைத் தட்ட உதவும். உள்ளே உட்காரவைப்பது ப்ராஜெக்ட்தான்.

ஏ.ஐ. வந்துவிட்டதே, இதெல்லாம் தேவையா?

நியாயமான கேள்வி. தமிழில் கேட்டால்கூட எஸ்.க்யூ.எல். எழுதித் தரும் ஏ.ஐ. இருக்கிறது. பவர் பி.ஐ.யிலேயே கோபைலட் இருக்கிறது. வெறுமனே குவெரி தட்டும் வேலைக்கும், சொன்ன சார்ட்டைப் போட்டுக் கொடுக்கும் வேலைக்கும் மவுசு குறையும் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் மேலே பார்த்த 2,70,000 ரூபாய்க் கணக்கை நினைத்துப் பாருங்கள். அந்தத் தப்பான குவெரியை ஏ.ஐ.யும் எழுதக்கூடும், அதுவும் மிகுந்த தன்னம்பிக்கையோடு. ஒரு பில்லுக்கு மூன்று தவணை உண்டு என்பது அந்தக் கடையின் வழக்கம். டேபிள் பெயரில் அது எழுதியிருக்காது. தாம்பரம் மாவட்டம் மாறியதை எப்படிக் கணக்கில் வைப்பது என்பது நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவு. இந்த எண் சரியா என்று கேட்டால் பொறுப்போடு பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அடிப்படை தெரிந்தவருக்கு ஏ.ஐ. வேகம் தரும். தெரியாதவருக்கு, தப்பை வேகமாகச் செய்ய உதவும்.

எவ்வளவு நாள் ஆகும்?

தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் ஆறு மாதம் என்று திட்டமிடலாம். முதல் இரண்டு மாதம் எஸ்.க்யூ.எல். மட்டும். மூன்றாவது மாதம் மாடலிங். பேப்பரும் பேனாவும் போதும். நான்காவது மாதம் பவர் பி.ஐ. ஐந்தாவது மாதம் ஏரி டேட்டா மாதிரி சொந்த ப்ராஜெக்ட். ஆறாவது மாதம் ஒரு கிளவுட் கிடங்கில் அதையே மறுபடி கட்டிப் பார்ப்பது, கூடவே நேர்முகத் தேர்வுகள்.

பி.காம். படித்தவர்கள் தங்களைக் குறைவாக நினைக்க வேண்டாம். பற்று, வரவு, இருப்பு தெரிந்தவருக்கு 'இருப்பை நாள்தோறும் கூட்டக்கூடாது' என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்கள் அதைத் தனியாகக் கற்க வேண்டியிருக்கும்.

வேலையில் பத்து வருஷமாக ஒரே டூலில் இருப்பவர்களுக்கும் இதே பாதைதான். கையில் இருக்கும் டூலை விட்டு ஓட வேண்டியதில்லை. அதில் நீங்கள் கட்டிய ஒரு வேலையை எடுத்து, டூல் பெயரே வராமல், எந்த விவரம் எங்கிருந்து வந்து எப்படி மாறி எந்தக் கேள்விக்கு விடையானது என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுத வந்தால் டூலை யார் வாங்கினாலும் கவலை இல்லை. எழுத வரவில்லை என்றால், படிக்க வேண்டியது அடுத்த டூல் இல்லை, அந்தப் பக்கம்தான்.